மணிக்கட்டில் எழுதிய நம்பர்

1

காணும் பொங்கல் போய் நாலு நாளாகிறது. நாலு நாளும் வேலை முடிந்து வந்து நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, ஒரு வரியும் எழுதாமல் மூடி வைத்தேன். மெல்பர்ன் டிராமைப் பற்றி எழுதியிருக்கிறேன், இங்கத்திய குளிரைப் பற்றி எழுதியிருக்கிறேன், முருங்கைக்காய்க்கு நாயாய் அலைந்ததைக்கூட எழுதியிருக்கிறேன். அதையெல்லாம் எழுத வருகிறது. இதை எழுதத்தான் கை வரவில்லை.

கிளறிவிட்டவள் என் மகள் நிலா. பன்னிரண்டு வயது. நாம் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்லும் வயது. பொங்கலுக்கு முந்தின வாரம், "அப்பா, அந்தக் கடலோர ரோட்டுக்கு மறுபடி போகலாமா? என் ஃபிரண்ட்ஸையும் கூட்டிக்கிட்டு?" என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. வேண்டாம் என்றேன். ஏன் என்றாள். பெட்ரோல் விலை என்றேன். பொய். அது பொய் என்று அவளுக்கும் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த ரோட்டில் எங்களோடு வந்தவள்தானே அவளும். அறைக்குள் போய்விட்டாள்.

அந்த ரோட்டைப் பற்றி எல்லோரும் அழகு அழகு என்று சொல்வார்கள். அழகுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஒரு பக்கம் காடு, ஒரு பக்கம் செங்குத்தாக இறங்கும் பாறை, கீழே கடல் வந்து மோதிக்கொண்டே இருக்கும். அந்தக் கடலுக்கு அந்தப் பக்கம் பனிக்கண்டம் வரைக்கும் நிலமே கிடையாது. அங்கேதான் நான் என் அம்மாவை விட்டுவிட்டு வந்தேன்.

2

அம்மாவை இங்கே அழைத்து வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. சுற்றிக் காட்டுவதற்கு என்று எல்லோரிடமும் சொன்னேன். உண்மையில் அவளிடம் ஒரு கையெழுத்து வாங்கவேண்டியிருந்தது. பெற்றவர்களை நிரந்தரமாகக் கூட வைத்துக்கொள்ளும் விசாவுக்கு ஒரு கட்டுக் காகிதம். பிறந்த தேதிக்குச் சான்று கேட்டார்கள். அம்மா பிறந்த வருஷம் ரேஷன் கார்டில் ஒன்று, ஆதாரில் ஒன்று. அதைச் சரி செய்யவே ஒரு வருஷம் ஓடிற்று. எல்லாம் முடிந்து, அவள் கையெழுத்து மட்டும் பாக்கி. மூன்று மாசம் வந்து இருக்கட்டும், ஊர் பிடித்துவிடும், அப்புறம் தானாகப் போட்டுவிடுவாள் என்று கணக்குப் போட்டேன்.

அம்மா முப்பது வருஷம் தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை மடித்தவள். வாடிக்கையாளர் பிரித்துப் போட்டுவிட்டுப் போகிற புடவைகளை மறுபடி மடித்து அடுக்குவதுதான் வேலை. காலை முதல் இரவு வரை நின்றபடி. நின்று நின்று, உட்காரச் சொன்னால்கூட அவளுக்குக் கூச்சமாக இருக்கும். வீடு அடையாற்றங்கரையில், பாலத்துக்குப் பக்கத்தில். அங்கேதான் நான் பிறந்தேன். அங்கேயிருந்துதான் ஐ.டி.ஐ. போய் ஏசி மெக்கானிக் ஆகி, துபாய் போய், மெல்பர்ன் வந்தேன்.

நான் இங்கே வந்த பிறகு ஆற்றங்கரை வீடுகளை எடுத்துவிட்டார்கள். பெருங்குடியெல்லாம் தாண்டி, ஊருக்கு வெளியே ஓர் அடுக்குமாடியில் நாலாவது மாடி அம்மாவுக்கு. எதிர்வீட்டில் செல்வி. ஆற்றங்கரையிலும் அவள்தான் எதிர்வீடு. வீட்டை எடுக்கப்போகிறார்கள் என்று எனக்கு போன் போட்டது செல்வி. நான் வந்து சேர்ந்தபோது இடித்து இரண்டு மாசம் ஆகியிருந்தது. அதற்கு முன்னால், அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று போன் போட்டதும் அவள்தான். நான் வந்து சேர்ந்தபோது அவரை எடுத்து மூன்று நாள் ஆகியிருந்தது. லீவு, டிக்கெட், விசா முத்திரை, என்னிடம் எப்போதும் ஒரு காரணம் இருந்திருக்கிறது. எல்லாம் நிஜமான காரணம்தான். அதனால் என்ன, அப்பா முகத்தை நான் பார்க்கவில்லை.

அந்தக் கையெழுத்து எனக்கு எவ்வளவு முக்கியம் என்பது இப்போது புரிந்திருக்கும். இனிமேல் யாரும் போன் போட்டு எனக்குச் சொல்லவேண்டிய நிலைமை வரக்கூடாது என்று நினைத்தேன்.

3

மெல்பர்ன் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. வாய் திறந்து சொல்லமாட்டாள். ஆனால் ஜன்னலோரம் நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். "இன்னாமா பாக்கற?" என்றால், "யார்னா வராங்களான்னு பாக்கறேன்டா. ஒரு ஜனம் காணோம்" என்பாள். ரங்கநாதன் தெரு வழியாக முப்பது வருஷம் போய் வந்தவளுக்கு இந்தத் தெரு எப்படி இருக்கும், சொல்லுங்கள்.

சரி, கடலைக் காட்டினால் மனசு இளகும் என்று தோன்றியது. காணும் பொங்கலன்றே போகலாம் என்று லீவு போட்டேன். அம்மாவுக்கும் முகம் மலர்ந்தது. காணும் பொங்கல் என்றால் அவளுக்குக் கடற்கரைதான். கடைக்கு லீவு கிடைக்கும் ஒன்றிரண்டு நாளில் அது ஒன்று. மெரினாவில் அன்றைக்கு எள் போட்டால் எள் விழாது. புளிசோறும் அவித்த முட்டையும் ஒயர்கூடையில். கிளம்புவதற்கு முன்னால் பால்பாயின்ட் பேனாவை எடுத்து என் மணிக்கட்டில் ஒரு நம்பர் எழுதுவாள். எங்களுக்கு ஏது போன்? தெருமுனை மளிகைக்கடை அண்ணாச்சி கடை நம்பர். அழுத்தி எழுதுவாள், வலிக்கும். எழுதிவிட்டு வருஷா வருஷம் ஒரே பேச்சு: "தொலஞ்சா நகரக்கூடாது. வுட்ட எடத்துலயே நில்லு. யார்னா கேட்டா கைய காட்டு. நான் வருவேன்."

ஏழு வயசில் ஒருதரம் தொலைந்தேன். பலூன் சுடும் கடையில் வாய் பிளந்து நின்றேன், திரும்பிப் பார்த்தால் அம்மா இல்லை. நகரவில்லை. அழுதேன், ஆனால் நகரவில்லை. பத்து நிமிஷமோ என்னவோ, கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்துவிட்டாள். யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. அவளாகவே வந்தாள்.

அன்று காலை மெல்பர்னிலும் அதே பேனாவோடு வந்து நின்றாள். "கண்ணு, கைய குடு" என்று நிலாவிடம். அப்போது அவளுக்குப் பத்து வயது. கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு, "அப்பா, ஷீ இஸ் ரைட்டிங் ஆன் மீ" என்றாள். அம்மா என்னைப் பார்த்தாள்.

"உன் நம்பர் சொல்லுடா, எய்திர்றேன்."

"அதெல்லாம் வேணாம்மா."

"சொல்லுடா. கூட்டம் இருக்குமே."

"அம்மா, இது இன்னா மெரினாவா? அவளுக்கு அதெல்லாம் புடிக்காது. சும்மா வா."

கொஞ்சம் கடுமையாகத்தான் சொன்னேன். ஆறு மணிக்குள் கிளம்பவேண்டும் என்ற அவசரம். பேனாவை எடுத்துவிட்டால் எழுதாமல் வைக்கிற பழக்கம் அம்மாவுக்கு இல்லை. காரில் பின்சீட்டில் உட்கார்ந்து தன் கையிலேயே ஏதோ எழுதிக்கொண்டு வந்தாள். கண்ணாடியில் பார்த்தேன். பார்த்துவிட்டுச் சிரித்தேன்.

என் நம்பர் அவளுக்குத் தெரியாது. இந்த ஊருக்கு வந்து நாலு தடவை மாற்றிவிட்டேன். போனில் என் போட்டோவைத் தொட்டால் நான் வருவேன், அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். அந்த போனும் எங்கள் வீட்டு வைஃபை இருந்தால்தான் வேலை செய்யும். மூன்று மாசம்தானே என்று இங்கத்திய சிம் வாங்கிக் கொடுக்கவில்லை. அன்றைக்குப் போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தாள்.

4

இரண்டு கார். எங்கள் காரில் நான், மனைவி லதா, நிலா, அம்மா. இன்னொன்றில் நண்பன் சேகர் குடும்பம். நம் ஆட்கள் இரண்டு காரில் போனால் என்ன நடக்கும் என்று தெரியுமே. ஒவ்வொரு இடத்திலும் இறங்கி ஏறும்போது ஆள் மாறும். பிள்ளைகள் எல்லாம் ஒரே வண்டியில் ஏறிக்கொள்ளும். பெண்கள் பேச்சு முடியவில்லை என்று இந்த வண்டியிலிருந்து அந்த வண்டிக்குப் போவார்கள். முறுக்கு டப்பா ஒரு வண்டியில், பிளாஸ்க் ஒரு வண்டியில். ரோடு வளைந்து வளைந்து போனதில் அம்மாவுக்குத் தலை சுற்றிற்று. சேகர், "அத்தைய முன்சீட்ல உக்கார வைங்க, என் வண்டில வரட்டும்" என்று ஏற்றிக்கொண்டான். அடுத்த இடத்தில் மறுபடி எங்கள் வண்டி. அப்புறம் மறுபடி அவன் வண்டி.

கடலுக்குள் தனித்தனியாக நிற்கும் பெரிய பாறைகளைக் காட்டினேன். பன்னிரண்டு சீடர்கள் என்று பெயர் என்றேன். அம்மா விரல் விட்டு எண்ணினாள்.

"பன்னெண்டுன்னு சொன்ன, கம்மியா கீதே."

"மீதி கடல்ல வுழுந்துட்ச்சாம்மா."

"பாவம்" என்றாள், ஏதோ தெரிந்தவர்கள் விழுந்துவிட்ட மாதிரி. பிறகு மரவேலியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தாள். அலை பாறையில் அடித்து மேலே எழும்பிற்று. "கடலு நல்லாத்தான் கீது. கால் நனைக்க வுட மாட்டாங்களா?" என்று கேட்டாள். இங்கே இறங்கமுடியாது என்றேன். "காணும் பொங்கலுக்கு போலீஸ்காரன் சவுக்கு கட்டை கட்டி வெச்சா மாதிரின்னு சொல்லு" என்று சிரித்தாள். அந்த மூன்று மாசத்தில் அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். சாயந்திரம் வீட்டுக்குப் போனதும் காகிதத்தை நீட்டிவிடலாம் என்று அந்த நிமிஷமே முடிவு செய்தேன். என் புத்தி அப்படி.

கடைசியாக நின்றது ஒரு சின்ன இடம். கூட்டமில்லை. நாலைந்து கார் நிறுத்த வெள்ளைக் கோடு, ஒரு கழிப்பறை, பாறை விளிம்புக்குப் போக ஒரு பலகைப் பாதை. புளிசோறு சாப்பிட்டோம். காற்று தட்டைப் பறித்துக்கொண்டு போனது. மழை தூற ஆரம்பித்ததும் எல்லோரும் ஓடி வண்டியில் ஏறினோம். சேகர் கையசைத்தான். நானும் கையசைத்துவிட்டு வண்டியை எடுத்தேன்.

அம்மா கழிப்பறையில் இருந்தாள்.

5

அந்த இடத்தை விட்டால் காட்டு வழியில் சிக்னல் கிடையாது. ஐம்பது நிமிஷம் ஓட்டி ஒரு சின்ன ஊருக்குள் நுழைந்ததும் போன் வரிசையாகக் கத்த ஆரம்பித்தது. பதினோரு மிஸ்டு கால். எல்லாம் செல்வி. செல்வி போன் செய்தால் நல்ல சேதி வந்து நான் பார்த்ததில்லை. ஊரில் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று நினைத்து வண்டியை ஓரம் கட்டி எடுத்தேன்.

"அண்ணா, அத்தைய எங்க வுட்டுட்டு போன?"

"இன்னா செல்வி சொல்ற? அம்மா பின்னாடி வண்டில வராங்க."

"எந்த வண்டி? அது அங்கயே நின்னுக்கினு கீது. யாரோ ஒரு வெள்ளைக்காரம்மா எனக்கு போன் பண்ணாங்க. அத்தையும் பேசிச்சு. வண்டி போய்ட்ச்சி, அவன் கிட்ட சொல்லுன்னுச்சி. எம்மா நேரமா உனக்கு அடிச்சிக்கினு கீறேன்."

பின்னால் வந்து நின்ற சேகர் ஜன்னலை இறக்கினான். முன்சீட்டில் அவன் மனைவி. "அத்தை உங்க கூடத்தான வராங்க?" என்றாள். லதா வாயைப் பொத்திக்கொண்டாள். நிலா தமிழில் கேட்டாள், "பாட்டி எங்க?"

என் அம்மா தொலைந்துபோனது எனக்குத் தெரிய, சேதி மெல்பர்ன் பக்கத்துக் கடற்கரையிலிருந்து சென்னைக்குப் போய், சென்னையிலிருந்து திரும்பி வரவேண்டியிருந்தது. அந்த ஐம்பது நிமிஷமும் நான் அவளை ஒருதரம்கூடத் தேடவில்லை. பாட்டு போட்டுக்கொண்டு ஓட்டினேன்.

6

திரும்பி ஓட்டிய ஐம்பது நிமிஷமும் அந்தப் பாறை விளிம்பைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். எங்களைத் தேடிக்கொண்டு பலகைப் பாதையில் போயிருந்தால், காற்று வேறு, மழை வேறு.

அவள் எங்கேயும் போகவில்லை. எங்கள் கார் நின்ற அதே இடத்தில், அந்த இரண்டு வெள்ளைக் கோட்டுக்கு நடுவில், ஒயர்கூடையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். மேலே யாருடையதோ மஞ்சள் மழைக்கோட்டு, முழங்காலுக்குக் கீழே தொங்கியது. பக்கத்தில் அந்தப் பெண், அம்மா வயதுதான் இருக்கும். நனைந்துபோயிருந்தாள், ஏனென்றால் கோட்டு அம்மாவிடம் இருந்தது.

அந்தப் பெண் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். உங்கள் அம்மாவை என் வண்டியில் வந்து உட்காரச் சொன்னேன், எவ்வளவோ கெஞ்சினேன், நகரமாட்டேன் என்றுவிட்டார் என்றாள். இங்கே வண்டி நிறுத்த ஒருவர் வந்தார், அவருக்கும் உங்கள் அம்மா வழிவிடவில்லை. கையைக் காட்டினார், நம்பரைப் பார்த்தேன், மெட்ராஸ் என்றார், அதனால் இந்தியாவாக இருக்கும் என்று போட்டுப் பார்த்தேன். மற்றபடி, "சன் கம், சன் கம்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார் என்றாள்.

அம்மா கையைப் பிடித்தேன். ஐஸாக இருந்தது. மணிக்கட்டில் செல்வியின் நம்பர், நீல மை, மழையில் ஓரம் கரைந்திருந்தது. அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர்.

"பயந்துட்டியாமா?"

"எதுக்கு பயம்? செல்வி காதுல போட்டாச்சு இல்ல. யார்னா சொன்னா நீ வந்துடுவ. எனக்கு தெரியாதா உன்ன?"

குத்திக்காட்டிப் பேசவில்லை. எனக்கு அம்மாவைத் தெரியும், குத்திக்காட்டுவதாக இருந்தால் நேராகவே சொல்லிவிடுவாள். அந்தப் பெண்ணைப் பார்த்துத் தலையை ஆட்டி, பார்த்தியா, வந்துட்டான் பார் என்கிற மாதிரி பெருமையாகத்தான் சொன்னாள். நான் அழுதேன். பாறை, கடல், வந்து நின்ற சுற்றுலாக்காரர்கள், யாரையும் பார்க்காமல் அழுதேன்.

திரும்பும்போது எங்கள் வண்டிதான். நிலா பாட்டியை ஒட்டி உட்கார்ந்துகொண்டு, தன் கையை நீட்டி, "எழுது பாட்டி" என்றாள். அம்மா சிரித்து அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டாள். "நீ எங்க கண்ணு தொலஞ்ச?" என்றாள்.

7

அன்றைக்குக் காகிதத்தை நீட்ட எனக்கு முகம் இல்லை. ஒரு வாரம் கழித்து நீட்டினேன். அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு, புடவையைப் பிரித்துப் பார்க்கிற மாதிரி ஒவ்வொரு தாளாகத் திருப்பினாள். பிறகு அதே வரிசையில் அடுக்கி என்னிடமே கொடுத்தாள்.

"வேணாண்டா. அங்க செல்வி கீறா, கதவ தட்னா வருவா. இங்க நான் இந்த கார்ல கீறேன்னு சேகர் நெனப்பான், அந்த கார்ல கீறேன்னு நீ நெனப்ப. வுடு. நல்லா இருங்க."

விசா முடிந்து கிளம்பிவிட்டாள். காகிதம் இன்னும் என் மேஜை டிராயரில் இருக்கிறது. போவதற்கு முன்னால் என் நம்பரை மனப்பாடம் செய்யச் சொன்னேன். நாலு நாள் முயன்று பார்த்தாள். ரொம்ப நீட்டம் என்று விட்டுவிட்டாள்.

இந்தக் காணும் பொங்கலுக்கு அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். எடுக்கவில்லை. அதற்கு முந்தின வாரமெல்லாம் எடுத்தாள், ஆனால் போனை முகத்துக்கு ஒட்டி வைத்துக்கொண்டு பேசினாள், நெற்றியும் பொட்டும்தான் தெரிந்தது. இன்னும் போன் பிடிக்கத் தெரியவில்லையே என்று கிண்டல் வேறு செய்தேன். செல்விக்குப் போட்டேன். அவள் மகள் திவ்யா எடுத்தாள். எட்டு வயது. பெசன்ட் நகர் பீச்சுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அந்த மாடியில் இருக்கும் பிள்ளைகளுக்கெல்லாம் நம்பர் எழுதிவிடுவது அம்மாவின் வேலை என்று எனக்குத் தெரியும்.

"பாட்டி எழுதிட்டாங்களா? காட்டு பாக்கலாம்."

அவள் கையைக் காட்டினாள். எழுத்து கோணல்மாணலாக இருந்தது. "நானே எழுதினேன் மாமா. பாட்டி கைலதான் கட்டு போட்டுகீதே."

செல்வி ஓடிவந்து போனைப் பிடுங்கினாள். "ஒண்ணும் இல்லண்ணா, அது சும்மா" என்றாள். விடாமல் கேட்டேன். லிஃப்ட் ஓடவில்லை, தண்ணீர்க் குடத்தோடு படியில் ஏறியிருக்கிறாள், மூன்றாவது மாடித் திருப்பத்தில் விழுந்துவிட்டாள். வலது மணிக்கட்டு. பன்னிரண்டு நாளாகிறது. சோறு ஊட்டுவது செல்விதான்.

"ஏன் செல்வி எனக்கு சொல்லல?" என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன், அந்தக் கோபத்துக்கு எனக்கு என்ன யோக்கியதை என்று தெரியவில்லை.

"அத்ததான் சொல்லாதன்னுச்சி. என் தலமேல கை வெச்சி சத்தியம் வாங்கிச்சிண்ணா. சொன்னா வந்துடுவான், எல்லாத்தயும் போட்டுட்டு ஓடி வந்துடுவான், பாவம்னுச்சி."

லீவு கேட்டிருக்கிறேன். கோடையில் ஏசி மெக்கானிக்குக் கிடைப்பது கஷ்டம், மேலதிகாரி பார்க்கலாம் என்றிருக்கிறார். நிலாவுக்குப் பள்ளி திறக்கப்போகிறது. டிக்கெட் பார்த்தேன், அடுத்த வாரம் கொஞ்சம் குறையும் என்கிறார்கள். எல்லாம் நிஜமான காரணம்தான். செல்வி சொல்லி இன்றோடு நாலு நாள் ஆகிறது. நான் இன்னும் மெல்பர்னில்தான் இருக்கிறேன்.